உப்புமூட்டை

மச்சினன் மேலே ஏறி வந்து, கைகளில் ஒட்டியிருந்த சேற்றைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, பாறை விளிம்பை விட்டு நன்றாக நகர்ந்து உட்கார்ந்த பிறகும், அவன் பிடித்து ஏறிய கயிறு தளரவில்லை.

அவர் அதை முதலில் பார்க்கவில்லை. காதில்தான் விழுந்தது. மரத்தின் அடியில் முடிச்சுப் போட்டிருந்த இடத்தில், நனைந்த கயிறு பாரம் தாங்கும்போது மட்டும் எழுகிற மெல்லிய முனகல். லிஃப்ட் மெக்கானிக்காகப் பாதி ஆயுளை அவர் அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருந்தார். உயரமான கட்டடங்களின் உச்சியில், எண்ணெய்ப் பிசுக்கு நாறும் மோட்டார் அறையில் நின்றபடி, கம்பிவடம் ஓடுகிற ஓசையை வைத்தே பெட்டி காலியாகப் போகிறதா, ஆளோடு போகிறதா என்று சொல்லிவிடுவார். இப்போது முனகியது ஆளோடு இருக்கிற கயிறு.

மரத்திலிருந்து விளிம்பு வரை அது கம்பு மாதிரி விறைத்து நின்றது. விளிம்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் ஏறி வந்த செங்குத்துப் பாறையை மேகம் முழுசாக விழுங்கியிருந்தது.

"மாப்ள, கீழ யாராவது வர்றாங்களா?"

"யாரு வருவா? நாமதான் கடைசி. அடிவாரத்து கேட்டுல இருந்தவர் சொன்னாரே, உங்களுக்குப் பின்னாடி யாரையும் விடமாட்டேன், பூட்டிட்டு வீட்டுக்குப் போறேன்னு."

"கயிறு இழுத்துட்டு நிக்குது பாரு."

மச்சினன் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலேயே திரும்பிப் பார்த்தான். "எங்கயாவது பாறை இடுக்குல சிக்கியிருக்கும் மாமா. லீவு நாள்லயும் கயிறா உங்களுக்கு?"

அவர் மண்டியிட்டுக் கயிற்றின் மேல் கையை வைத்தார். சிக்கிக்கொண்ட கயிறு செத்த கயிறு, அது அசையாது. இது அசைந்தது. ஓர் இழுப்பு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி ஓர் இழுப்பு. ஒரு கையை விட்டு மறு கையை மேலே பிடித்து ஏறுகிறவனின் நிதானம் அதில் இருந்தது.

"யாருங்க கீழ?" என்று குரல் கொடுத்தார். மேகம் அந்தக் குரலைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. எங்கேயோ சொட்டுகிற தண்ணீர். சில்வண்டுகளின் இடைவிடாத ரீங்காரம்.

பிறகு, அவர் உள்ளங்கைக்குக் கீழேயே, கயிறு தொய்ந்தது.

"பாத்தீங்களா, விட்டுடுச்சு," என்று மச்சினன் எழுந்து பையை மாட்டினான். "வாங்க, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்."

அவர் எழவில்லை. கயிற்றில் தொங்குகிற ஆள் கீழே விழுந்தால் கயிறு தொய்யும். விழுந்தால் அலறல் கேட்டிருக்கும், கிளைகள் முறிந்திருக்கும். எதுவும் கேட்கவில்லை. இன்னொரு விதத்திலும் கயிறு தொய்யும். ஏறி முடித்தால்.

தன்னையும் அறியாமல் அவர் விளிம்பிலிருந்து ஓரடி விலகியிருந்தார். யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

*

இந்த மலைக்கு வர ஆசைப்பட்டது மச்சினன்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன். ஆள் நெட்டையாக, சதையே இல்லாமல் இருப்பான். அவனுடைய அக்கா, அதாவது இவருடைய மனைவி, அவனை 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடுவாள். அவன் மனைவிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். "அதுக்கப்புறம் கடைக்குக்கூட என்னைத் தனியா விடமாட்டாங்க மாமா, ஒரே ஒரு ராத்திரி காட்டுல தங்கிட்டு வந்துடலாம்," என்று நச்சரித்துக் கூட்டிவந்துவிட்டான்.

கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று, "அவனைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க," என்றாள். 'நீங்களும் பத்திரமா வாங்க' என்று சொல்ல மறந்ததைத் தெருமுனை வரை சொல்லிச் சொல்லி அவர் கிண்டல் செய்துகொண்டே வந்தார். ஆனால் அவள் மறந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணத்தன்று அக்காவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட சின்னப் பையனை, 'சரி, இவனும் வரட்டும்' என்று சொன்னது இவர்தான். அன்றிலிருந்து அவன் இவர் வீட்டுப் பிள்ளை.

பாறைக்கு மேலே காடு வேறு மாதிரி இருந்தது. மரங்கள் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, தண்டு தெரியாத அளவுக்குப் பாசி போர்த்தி நின்றன. தரை என்று ஒன்று இல்லை. வேர்களின் மேல் வேர்கள், அவற்றின் மேல் மக்கிய இலைகள், கால் வைத்த இடமெல்லாம் பஞ்சைப் பிழிந்ததுபோலத் தண்ணீர் கசிந்தது. காலையிலிருந்து கூடவே வந்த பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்கு நினைவில்லை.

குறுக்கே ஓர் ஓடை வந்தது. அதன் மேல் விழுந்து கிடந்த மரம்தான் பாலம். மச்சினன் கைகளை விரித்துக்கொண்டு சர்க்கஸ்காரன் மாதிரி தாண்டினான். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து தாண்டினார்.

"மாமா, இதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்பு. ரெண்டு மாசம் கழிச்சு உன் பொண்டாட்டி உன்னைத் தொட்டில் கட்டச் சொல்லும்போது நான் வீடியோ எடுக்கறேன்."

சிரித்துக்கொண்டே அவன் முன்னே போனான். அவர் ஷூவுக்குள் புகுந்த அட்டையை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் கண்ணில் மரப்பாலம் பட்டது.

அது தாழ்ந்தது. முதலில் எதிர்க்கரை முனை. பிறகு நடுப்பகுதி, ஓடைத் தண்ணீரைத் தொடும் அளவுக்கு. தண்ணீர் மரத்தின் அடியில் மோதி நுரைத்தது. பிறகு இந்தக் கரை முனை மண்ணுக்குள் அழுந்தி, சேற்றில் ஒரு குமிழ் விட்டு, மெல்ல மேலே வந்தது.

மரத்தின் மேல் ஒன்றுமில்லை.

அவர் அட்டையை விட்டுவிட்டு நடந்தார். ஓடவில்லை. ஓடினால் ஏன் என்று மச்சினன் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டிவரும். வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். அவனை முன்னே விட்டு, அவன் முதுகை ஒட்டியே நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்டதெல்லாம் ஈரம் மட்டும்தான்: அவர் மிதித்து விட்டு வந்த பாசி, அவர் போன பிறகு, இன்னொரு தடவை பிழியப்படுகிற சத்தம். கூடவே ஒரு வாடை. லிஃப்ட் குழிக்கு அடியில், வருஷக்கணக்கில் வெளிச்சம் படாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் வாடை.

*

கூடாரம் போட அங்கே சமதரை கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவில் தொங்குகிற துணிப் படுக்கைகள் இரண்டைக் கட்டி, மேலே ஒரே தார்ப்பாயை இழுத்துவிட்டான் மச்சினன். கை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொட்டுவிடலாம்.

"இந்த வயசுல உங்களைத் தூளியில போடறேன் பாருங்க," என்றான். "தாலாட்டு வேணும்னா சொல்லுங்க."

சின்ன கேஸ் அடுப்பில் சூப் கொதித்தது. அவர் நெருப்பின் நீல வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு இதே வழியா எறங்க வேணாம்," என்றார்.

"எறங்கப்போறது அந்தப் பக்கமாத்தான். கயிறு, பாறை ஒண்ணும் கிடையாது. ஒரு சேத்துப் பள்ளம், அதைத் தாண்டினா ரோடு வரைக்கும் நல்ல பாதை." அவன் சூப்பை ஊதிக் குடித்தான். "என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க? மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல. அசதி."

இருட்டு மேலேயிருந்து வரவில்லை; வேர்களுக்கு நடுவிலிருந்து ஊறி வந்தது. கூடவே மழையும். தார்ப்பாயின் மேல் விழுந்த மழை, இலைகளின் மேல் விழுந்த மழை, இலையிலிருந்து இலைக்குச் சொட்டிய மழை என்று அடுக்கடுக்காகச் சத்தம் எழும்பி, சில்வண்டுகளை மூழ்கடித்தது. அவர் தூளிக்குள் மல்லாந்து படுத்து, அந்த அடுக்குகளுக்கு அடியில் இருந்த ஒரே ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். இரண்டு கயிறுகள். ஒன்று அவருடையது, பருத்த முனகல். இன்னொன்று மச்சினனுடையது, எடை குறைந்த ஆளின் மெல்லிய முனகல். அது சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

விழித்தபோது மழை விட்டிருந்தது. மச்சினனின் டார்ச் வெளிச்சம் தூரத்தில் மரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஒதுங்கப் போயிருக்கிறான். அவர் புரண்டு படுத்தார்.

பக்கத்துத் தூளியின் கயிறு முனகியது.

அவர் அசையாமல் கேட்டார். முனகியது. மெல்லிய முனகல் இல்லை.

இருட்டில் கையை நீட்டினார். ஏன் நீட்டினோம் என்று அந்த நொடியே நினைத்தார், ஆனால் கை போய்விட்டது. துணியின் அடிப்பக்கம் விரலில் பட்டது. அது வெறும் துணியாகத் தொங்கவில்லை. நிறைந்து, உப்பி, இழுத்துக் கட்டிய மூட்டையாக இருந்தது. அவர் விரல்கள் அதைத் தாங்கினாற்போல் இருந்தன. உள்ளே மூச்சு இல்லை. ஏறி இறங்கும் மார்பு இல்லை. பாரம் மட்டும்.

மச்சினன்தான் படுத்திருக்கிறான், என்று தனக்குத்தானே சொன்னார். அந்த வெளிச்சம் வேறு எதுவோ.

"மாமா!" தூரத்திலிருந்து, வெளிச்சம் இருந்த இடத்திலிருந்து, மச்சினனின் குரல். "முழிச்சிருக்கீங்களா? இங்க வந்து பாருங்க, காளான் எல்லாம் இருட்டுல மின்னுது!"

அவர் விரலுக்கு மேலே, துணிக்குள், அந்தப் பாரம் குரல் வந்த பக்கமாகத் திரும்பியது.

கையை எப்படி இழுத்துக்கொண்டார் என்று தெரியாது. மச்சினன் இலைகளை மிதித்துக்கொண்டு திரும்பி வந்து, தார்ப்பாய்க்குள் டார்ச்சை அடித்தபோது, தூளி தட்டையாக, காலியாக, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அதுல படுக்காத மாப்ள."

"ஏன்? பாம்பா?" அவன் வெளிச்சத்தை உள்ளே விட்டுத் தேடினான். "ஒண்ணும் இல்லையே."

"இப்பவே எறங்கிடலாம். கெளம்பு."

"இந்த இருட்டுலயா? விழுந்து சாகவா? கனவு கண்டீங்களா மாமா?" அவன் தூளியில் ஏறிக் காலை நீட்டினான். அவன் முகம் இருட்டுக்குள் போனது. "அட, கதகதன்னு இருக்கே. நீங்க இதுல படுத்திருந்தீங்களா?"

கயிறு முனகியது. நீளமாக. முடிச்சு ஒன்று நழுவி இறுகியது.

"கையைக் குடு," என்றார் அவர்.

"என்னது?"

"குடுடா."

இருட்டில் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட அந்தப் பையனுடைய கை இப்போது அவர் கையைவிடப் பெரிதாக இருந்தது. விடியும்வரை அவர் அதை விடவில்லை. விடியும்வரை அந்தக் கயிறு மரப்பட்டையை அறுத்துக்கொண்டே இருந்தது.

*

சாம்பல் நிற விடியலில் முதலில் தெரிந்தது மச்சினனின் தூளிதான். இரவு இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தது. இப்போது அதன் வயிறு வேர்களை உரசிக்கொண்டு கிடந்தது. கயிறு மரத்துக்குள் விரல் ஆழத்துக்குப் புதைந்திருந்தது.

மச்சினன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான். கடைசியில் அவர் இரண்டு கையாலும் இழுத்தபிறகுதான் எழுந்தான்.

"முதுகு புடிச்சுக்கிச்சு மாமா," என்றான். முகம் வெளுத்திருந்தது. சிரிக்கப் பார்த்தான். "உங்க வயசு எனக்கு வந்துடுச்சு போல."

அடுப்பு மூட்டவில்லை. தார்ப்பாயைச் சுருட்டி, மழைக்கோட்டுகளை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். மச்சினன் முன்னே போனான். முன்குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடந்தான். காட்டுப் பாதையில் குதித்துக் குதித்துப் போகிறவன், ஒவ்வொரு வேராகப் பார்த்துக் காலை வைத்தான். அடிக்கடி கழுத்துக்குள் ஒரு விரலை விட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இறுக்குது," என்றான். "நேத்து இறுக்கல."

மண் பாதை வந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

மச்சினனின் காலடித் தடங்கள் கணுக்கால் ஆழத்துக்கு இருந்தன. ஓரம் பிதுங்கி, உடனே தண்ணீர் ஊறி நிரம்பின. அவற்றின் பக்கத்திலேயே அவர் தடங்கள், வெறும் ஷூ அடையாளமாக, மேலாக. அவர்தான் பருமன். அவர்தான் அவனைவிட ஒரு மூட்டை அரிசி கூடுதல்.

"பையைக் கழட்டு. நான் தூக்கறேன்."

"வேணாம் மாமா."

"கழட்டுடா."

பையைக் கழற்றி வாங்கி முன்பக்கமாக மாட்டிக்கொண்டார். மச்சினன் நடந்தான். அடுத்த தடம் இன்னும் ஆழமாக இருந்தது.

அதற்கடுத்தது, இன்னும்.

*

சேற்றுப் பள்ளத்தை அடைந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இரண்டு மேடுகளுக்கு நடுவில் மரமே இல்லாத கறுத்த வெளி. அங்கங்கே புல் திட்டுகள். திட்டுக்குத் திட்டு கால் வைத்துத் தாண்ட வேண்டும். எதிர்க்கரையில் பாதை தெரிந்தது. அதற்கும் கீழே, வெகு கீழே, லாரி ஒன்று மேடு ஏறுகிற சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

பாதி தூரம்தான் போயிருப்பார்கள். மச்சினன் கால் வைத்த திட்டு அப்படியே உள்ளே போனது.

முழங்கால். அவன் மற்ற காலை ஊன்றினான். அதுவும் போனது. தொடை.

"மாமா!"

"அசையாத! அசையாத மாப்ள, வர்றேன்!"

"தெரியும் மாமா." அவன் மூச்சைப் பிடித்துப் பேசினான். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற குரல். "சேத்துல மாட்டினா மல்லாக்கப் படுக்கணும். படுத்தா மிதந்துடலாம்." தலையைப் பின்னால் சாய்த்தான். தோளைச் சாய்த்தான். சாயவில்லை. மறுபடி முயன்றான். பிறகு அவன் அவரைப் பார்த்த பார்வையில் நீச்சல் வாத்தியார் இல்லை. "சாய முடியல மாமா. முதுகுல என்னமோ இருக்கு."

அவர் இரண்டு பைகளையும் வீசிவிட்டுக் குப்புறப் படுத்து, திட்டின் மேல் ஊர்ந்து, அவன் கைகளைப் பிடித்தார். இழுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தார். அவன் மேலே வரவில்லை. இடுப்பு உள்ளே போனது. மழை வலுத்தது.

அப்போதுதான் பார்த்தார்.

சுற்றிலும் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. மச்சினனின் தலைமேல் மட்டும் விழவில்லை. தலைக்குக் கொஞ்சம் மேலே, வெறும் காற்றில், துளிகள் எதன் மேலோ மோதிச் சிதறின. சிதறி, வழிந்தன. உருண்டையான ஒன்றின் மேல் வழிந்து, கீழே அகலமாகி, அவன் முதுகோடு ஒட்டி இறங்கின. அவன் கழுத்தின் இரண்டு பக்கமும் மழைக்கோட்டு பள்ளமாக அழுந்தியிருந்தது. தொண்டைக்குக் கீழே அந்த இரண்டு பள்ளங்களும் ஒன்றுசேர்ந்தன. பின்னிக்கொண்ட கைகள் இருந்தால் அப்படித்தான் அழுந்தும்.

அந்த உருவம் அவருக்குத் தெரிந்த உருவம். மகள் சின்னவளாக இருந்தபோது, வேலை முடிந்து வருகிற அப்பாவைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் முதுகில் தாவி ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வாள். உப்புமூட்டை.

"மாமா, என்ன பாக்கறீங்க?" மச்சினன் கிசுகிசுத்தான். "மாமா? என் பின்னாடி என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. என்னையே பாரு."

மார்பு வரை சேறு. அவன் அழ ஆரம்பித்திருந்தான். அக்காவைப் பற்றி ஏதோ சொன்னான், பிறக்கப்போகிற குழந்தையைப் பற்றி ஏதோ சொன்னான், வார்த்தைகள் மழையில் கரைந்தன. அவர் கைகள் வழுக்கின. இனி இழுத்துப் பயனில்லை என்று கைகளுக்குத் தெரிந்துவிட்டது. பாரம் என்ன என்று அவற்றுக்கு எப்போதும் முதலில் தெரியும்.

அவர் கையை விட்டார்.

"மாமா! விடாதீங்க! மாமா!"

எழுந்தார். பக்கத்தில் அகலமான, உறுதியான திட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் ஏறி நின்றார். மச்சினனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மெல்லக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.

"வா," என்றார்.

மழை.

"அவனால முடியாது. அவன் சின்னப் பையன்." வீட்டு வாசலில் மகளிடம் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார். "நான் தூக்கறேன். வா."

பின்னால் மச்சினனின் விக்கல் மட்டும் கேட்டது. சேறு கொப்பளித்தது. அந்த வாடை, குழியில் தேங்கிய தண்ணீரின் வாடை, காதுக்குப் பக்கத்தில் வந்தது.

அவருடைய காலர் முதலில் அசைந்தது.

பிறகு கழுத்தின் இடது பக்கம். பிறகு வலது பக்கம். அவசரமில்லாமல். தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற மாதிரி, பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மேல் வந்து இறங்கியது. கோத்த கைகளுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. முழங்கால்கள் முனகின. புல் திட்டு முனகியது.

"மாமா!" பின்னால் சேறு கிழிகிற சத்தம். "லேசாயிடுச்சு! மாமா, விட்டுடுச்சு!"

மச்சினன் துடுப்புப் போடுகிற மாதிரி கைகளை அடித்து, மல்லாந்து, புரண்டு, திட்டுக்குத் திட்டு தாவிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். எதிர்க்கரையில் விழுந்தான். மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். சேறு அப்பிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, போயிடலாம்," என்று அவர் பக்கம் திரும்பினான்.

சிரிப்பு நின்றது.

உட்கார்ந்தபடியே அவன் பின்னால் நகர்ந்தான். முதுகு ஒரு மரத்தில் இடிக்கும்வரை நகர்ந்தான்.

"வீட்டுக்குப் போ," என்றார் அவர். பேசும்போது தொண்டை இறுக்கத்தின் மேல் ஏறி இறங்கியது. "அக்காகிட்ட நான் பின்னாடி வர்றேன்னு சொல்லு."

"மாமா," என்றான் அவன். உதடு மட்டும்தான் அசைந்தது. "மேல பாக்காதீங்க."

அவர் எழுந்து நின்றார். எழ முடிந்தது. ஓரடி எடுத்து வைத்தார். வைத்த கால் கணுக்கால் வரை உள்ளே போனது; பிடுங்கி அடுத்ததை வைத்தார். மழை இன்னும் வலுத்து, சேற்று வெளி முழுவதும் கொதிக்கிற மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. கைகளில் விழுந்தது. தோளில் விழுந்தது. கன்னத்தில் வழிந்து வாய்க்குள் போனது.

பிறகு முகத்தில் மழை நின்றது.

முகத்தில் மட்டும். சுற்றிலும் பெய்துகொண்டேயிருந்தது. நெற்றியிலோ, கண்ணிலோ, உதட்டிலோ ஒரு துளிகூட விழவில்லை. பின்னாலிருந்து அவர் தலைக்கு மேலாக எட்டி, மெல்லக் குனிந்து, வெகு பக்கத்தில், அது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.